இருந்ததற்கு என்ன அத்தாட்சி?

இந்த இதழில் குடியுரிமைக் கேள்விகள் மட்டும். மூட்டை நிறைய வந்திருக்கின்றன.

கேள்வி: கனடாக் குடியுரிமைக்கு மூன்று வருஷம் இருந்தால் சரிதானே? (வாசகர், ஸ்காபரோ)

வருஷம் என்பது பேச்சுக்கு. குடிவரவுத் திணைக்களத்துக்கு நாள்தான் கணக்கு. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுக்குள் 1,095 நாள் உடம்போடு உள்ளே இருந்திருக்க வேண்டும். மனசு யாழ்ப்பாணத்தில் இருந்தால் ஆட்சேபணை இல்லை.

கேள்வி: என்னட்டைச் சரியா 1,095 நாள் இருக்கு. உடனே போடலாமோ? (வாசகர், மிசிசாகா)

போடலாம். ஆனால் மறந்துபோன ஒரு நியூ ஜெர்சிக் கல்யாணம் போதும், கணக்குக் கவிழ. ஒரு நாள் குறைந்தாலும் குறைவுதான். கொஞ்சம் கூடுதலாக வைத்துப் போடும்படி திணைக்களமே சொல்கிறது. இவ்வளவு காலம் பொறுத்தவர் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை பஃபலோ போய் ஞாயிறு திரும்பினால் எத்தனை நாள் கழியும்? (வாசகி, ஹமில்ரன்)

ஒன்று. சனிக்கிழமை மட்டும். புறப்பட்ட நாளும் வந்து சேர்ந்த நாளும் கனடாக் கணக்கில் சேரும். காலையில் போய் மாலையில் பெட்ரோல் அடித்துக்கொண்டு திரும்பினால் பூச்சியம். கழியவில்லை என்பதற்காகக் குறித்து வைக்காமல் விடாதீர்கள். எல்லைக் காவலில் அது பதிவாகியிருக்கும்.

கேள்வி: நிரந்தரவாசி ஆவதற்கு முன் வேலை அனுமதியில் இரண்டு வருஷம் இருந்தேன். அது வீணா? (வாசகர், பிரம்டன்)

பாதி வீண், பாதி லாபம். அந்த நாட்கள் ஒவ்வொன்றும் அரை நாளாகச் சேரும். உச்சவரம்பு 365. மாணவருக்கும் வருகையாளருக்கும் இதே கணக்குத்தான். அந்த நாட்களும் விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுக்குள் விழுந்திருக்க வேண்டும்.

கேள்வி: அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு நாலு வருஷம் முடிவுக்குக் காத்திருந்தன். அதுவும் அரைவாசி சேருமோ? (வாசகர், மொன்றியல்)

சேராது. கோரிக்கை ஏற்கப்பட்ட நாளிலிருந்துதான் அரை நாள் கணக்குத் தொடங்கும். காத்திருந்த காலத்திலும் வேலை செய்தீர்கள், வரி கட்டினீர்கள், பனியில் பஸ்ஸுக்கு நின்றீர்கள். அந்த நாட்களை எண்ணுவதற்கு ஆளில்லை. தாமதம் அவர்களுடையது, நட்டம் உங்களுடையது. இது அநியாயம். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதை நேரில் போய்ச் சொல்லுங்கள். வாக்கு இல்லாதவரையும் சந்திக்க வேண்டியது அவர் கடமை.

கேள்வி: நான் போனது, வந்தது எல்லாம் அரசாங்கக் கணினியில் இருக்கும்போது என்னை ஏன் எழுதச் சொல்கிறார்கள்? (வாசகர், மார்க்கம்)

இருக்கிறதுதான். தரைவழியாக அமெரிக்காவுக்குள் போகிற எல்லோருடைய வெளியேற்றமும் 2019 ஜூலையிலிருந்து பதிவாகிறது, விமானவழி வெளியேற்றம் 2020 ஜூனிலிருந்து. அவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி! இரண்டு பட்டியலும் ஒத்துப்போனால் கோப்பு நகரும். ஒத்துப்போகாவிட்டால் வதிவிடக் கேள்விக்கொத்து என்று ஒன்று தபாலில் வரும். அது வந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்காது.

கேள்வி: பாஸ்போர்ட் முத்திரை இருந்தால் போதாதா? (வாசகி, அஜாக்ஸ்)

முத்திரை வந்ததைச் சொல்லும், இருந்ததைச் சொல்லாது. கனடா வெளியேறும்போது முத்திரை குத்துவதும் இல்லை. முத்திரையை மட்டும் நம்பிய காலத்தில் கள்ள முத்திரைக்குத் தொழிற்சாலையே நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் உரிமம் இல்லாத ஓர் ஆலோசகர், வாடிக்கையாளர்களின் பாஸ்போர்ட்டில் பொய் முத்திரை குத்திக் கொடுத்ததற்காக 2015-இல் ஏழு ஆண்டுச் சிறை வாங்கினார். காலாவதியான பாஸ்போர்ட்டை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுக் கணக்கில் அதுவும் சாட்சி.

கேள்வி: அப்படியானால் எதுதான் நல்ல அத்தாட்சி? (அதே வாசகி)

சம்பளச் சீட்டு, T4, வருமான வரி மதிப்பீட்டுக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி அறிக்கை. வங்கிக் கூற்று ஓரளவு. என்னைக் கேட்டால் அத்தாட்சிக்கெல்லாம் ராஜா பல் வைத்தியரின் பில்தான். வங்கிக் கணக்கை வெளிநாட்டிலிருந்து இயக்கலாம், மின்கட்டணத்தைக் கொழும்பிலிருந்து கட்டலாம். பல் பிடுங்க ஆள் நேரில்தான் வர வேண்டும்.

கேள்வி: பெரியப்பா துபாயில் வேலை. எங்கட விலாசத்தைக் குடுத்து, இங்கை இருந்ததா எழுதலாம் எண்டு ஒரு ஏஜென்ட் சொல்லுறார். (பெயர் வேண்டாம்)

பெயர் வேண்டாம் என்று எழுதியபோதே பதில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. 2012-இல் ஏறத்தாழ 3,100 பேரின் குடியுரிமையைப் பறிக்க நடவடிக்கை எடுப்பதாக அன்றைய அமைச்சர் ஜேசன் கெனி அறிவித்தார். இங்கே இருந்ததாகப் பொய் காட்டியது அதில் பெரிய குற்றச்சாட்டு. விண்ணப்பத்தில் பொய் பிடிபட்டால் ஐந்து ஆண்டுத் தடை. குடியுரிமை கிடைத்த பிறகு பறிபோனால் பத்து ஆண்டு. வழக்கு என்று போனால் ஒரு லட்சம் டொலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. அன்றைக்கு ஏஜென்டின் தொலைபேசி வேலை செய்யாது.

கேள்வி: ஆள் வெளியே. வீடு, குடும்பம், காணி எல்லாம் உள்ளே. அதை வதிவு என்று நீதிமன்றம் ஏற்காதா? (சட்ட மாணவி, ஒட்டாவா)

ஒரு காலத்தில் ஏற்றது. சுவையான கதை, கேளுங்கள்.

1978-இல் பாப்பாடோஜியோர்காகிஸ் என்ற மாணவரின் வழக்கு. வசிப்பிடம் நோவா ஸ்கோஷியா, படிக்கப் போனது அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ். வாழ்வின் மையம் கனடாவில் இருந்தால் போதும் என்று தீர்த்தார் நீதிபதி தர்லோ. 1992-இல் கூ வழக்கில் நீதிபதி ரீட் ஆறு கேள்விகளை வைத்தார். நெருங்கிய குடும்பம் எங்கே, கனடாவுக்கு வருவது வீடு திரும்பலா விருந்தாளி வரவா என்கிற ரகம். மறு ஆண்டே பூர்கசெமி வழக்கில் நீதிபதி மல்டூன் நேர் எதிராகப் போனார். ஆள் இங்கே இருந்தால்தான் இருந்ததாகக் கணக்கு என்றார்.

1999-இல் லாம் வழக்கு வந்தபோது, இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் குடியுரிமை நீதிபதி பின்பற்றலாம் என்றாயிற்று. ஒரே மாதிரியான இரண்டு கோப்பு, இரண்டு மேசை, இரண்டு தலைவிதி. 2015-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் உடம்போடு இருந்த நாளே நாள் என்று எழுதி அந்தக் கதவை அடைத்தது. அடைத்தது சரி என்பதே என் கட்சி. இரக்கமுள்ள நீதிபதி கிடைக்க வேண்டுமென்று நல்லூரானுக்கு நேர்த்தி வைப்பதைவிட நாட்காட்டி பார்ப்பது மேல்.

கேள்வி: முந்தி இவ்வளவு கெடுபிடி இல்லையாமே? (வாசகர், வன்கூவர்)

முந்தி இதைவிடக் கூட. 1947-இல் ஐந்து ஆண்டு. 1977-இல் நான்குக்கு மூன்று. 2015-இல் ஆறு ஆண்டில் 1,460 நாள், போதாக்குறைக்கு நாலு ஆண்டுகளில் ஆண்டுக்கு 183 நாள். 2017 அக்டோபரிலிருந்து இப்போதைய 1,095. ஆட்சி மாறினால் நாளும் மாறும். இன்னொரு செய்தி: 1947 ஜனவரி 3-இல் முதலாம் இலக்கச் சான்றிதழை வாங்கியவர் பிரதமர் மெக்கன்ஸி கிங். பிரதமருக்கும் தாள் வேண்டியிருந்தது.

கேள்வி: மறியலில் இருந்த நாள் சேருமா? (வாசகர், கிங்ஸ்ரன்)

பொதுவாகச் சேராது. உள்ளே நீங்கள் எண்ணிய நாட்களை வெளியே யாரும் எண்ணமாட்டார்கள்.

கேள்வி: பத்து வயதுப் பிள்ளைக்கும் 1,095 நாளா? (தாய், பிக்கரிங்)

தாய் அல்லது தந்தையோடு சேர்ந்து விண்ணப்பித்தால் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நாள் கணக்கே இல்லை. நிரந்தரவாசியாக இருந்தால் போதும்.

கேள்வி: எனக்கு வயசு 71. மகளோட இருக்கிறன். வீடு, கரண்ட், போன் எல்லாம் மருமகன்ர பெயரில. நான் இங்க இருந்ததுக்கு என்ர பெயரில ஒண்டும் இல்லை மோனை. (அம்மம்மா, ஸ்காபரோ)

அம்மா, இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி உங்களுடையது.

55 வயதானவருக்கு மொழி அத்தாட்சி வேண்டாம், அறிவுத் தேர்வும் வேண்டாம். நாள் கணக்கு மட்டும் எல்லோருக்கும் உண்டு. வேலைக்குப் போகிறவருக்கு மாதம் இரண்டு தாள் தானாக வந்து விழுகிறது. விடியக் காலை எழும்பி, பேரப்பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டு, பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டவருக்கு யாரும் ரசீது தருவதில்லை. அத்தாட்சிப் பட்டியலைப் போட்டவர்கள் சம்பளக்காரரை நினைத்துப் போட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கும் தாள் உண்டு. பிரஷருக்குப் போகிற குடும்ப வைத்தியரிடம் வருகைப் பதிவு கேளுங்கள். ஒன்ராறியோ சுகாதார அமைச்சிடம் உங்கள் சுகாதார அட்டையில் பதிவான வைத்தியக் கணக்கைக் கேட்டு வாங்கலாம். மருந்துக்கடையில் வருடக் கணக்கில் பட்டியல் எடுத்துத் தருவார்கள். முதியோர் வகுப்பின் வரவுப் பதிவும் உதவும். மருமகனிடம் சொல்லி உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறவுங்கள். மாதம் ஒரு முறை நீங்களே போய்க் காசு எடுங்கள். உங்கள் காசு, உங்கள் கை, உங்கள் அத்தாட்சி.

கேள்வி: விண்ணப்பம் போட்டாச்சு. இனி ஊருக்குப் போகலாமா? (வாசகர், எட்மன்ரன்)

போகலாம். ஆனால் நிரந்தரவாசிக்கான நிபந்தனை, ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு, தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். உறுதிமொழி எடுக்கும் நாளில் கனடாவுக்குள் நிற்க வேண்டும். திருவிழாவுக்குப் போனவர் மின்னஞ்சலையும் பார்த்துக்கொள்ளவும்.

கேள்வி: லண்டனில் எப்படி? (வாசகர், ஹரோ)

அங்கே இருந்ததை எண்ணமாட்டார்கள், இல்லாததை எண்ணுவார்கள். பொது விதி இது: ஐந்து ஆண்டில் 450 நாளுக்கு மேல் வெளியே போகக் கூடாது, கடைசி ஆண்டில் 90-க்கு மேல் கூடாது. பொறி வேறிடத்தில் இருக்கிறது. விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து ஆண்டுக்கு முந்திய அந்த ஒரு நாளில் நீங்கள் பிரிட்டனுக்குள் இருந்திருக்க வேண்டும். விலக்களிக்கும் அதிகாரம் இப்போது உண்டு என்றாலும் அதை நம்பி இறங்காதீர்கள். பழைய விமானச் சீட்டைத் தேடுங்கள்.

கேள்வி: சுவிஸ்? (வாசகி, பேர்ண்)

பத்து ஆண்டு. ஆனால் எட்டு வயதுக்கும் பதினெட்டுக்கும் இடையே அங்கே கழிந்த ஆண்டு இரட்டிப்பாகும். குறைந்தது ஆறு ஆண்டு நிஜமாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைகள் உங்களை முந்திவிடுவார்கள், சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: இந்த அத்தாட்சித் தொல்லை வெள்ளைக்காரன் நாட்டுச் சரக்குத்தானே? (வாசகர், ஹட்டன்)

ஹட்டனில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்? தாத்தாவிடம் கேளுங்கள். 1948-இல் இலங்கையின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1949-இல் வந்த 3-ஆம் இலக்கச் சட்டம் ஒரு சந்து திறந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன் விடாமல் இலங்கையில் இருந்ததாகக் காட்ட வேண்டும். மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு. அவகாசம் இரண்டு ஆண்டு.

லயத்துக் காம்பராவில் பிறந்து, எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல், கொழுந்து எடுத்தே முதுகு வளைந்தவரிடம் என்ன தாள் இருக்கும்? பெயர் பதியும் செக்ரோல் இருந்தது துரையின் ஆபீஸில். கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவில் இல்லை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. நாடற்றவர்களாக இருந்தவர்களை 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, 1,50,000 பிறகு பார்க்கலாம்.

2003-இல் வந்த சட்டம்தான் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தவரையும் அவர் வாரிசுகளையும் பிரஜைகள் என்றது. தேயிலைச் செடியைத் தவிர வேறு சாட்சி இல்லாத மக்களிடம் தாள் கேட்டது குற்றம். நடைமுறை என்ற பெயரில் நடந்த குற்றம்.

கேள்வி: பிரிட்டன் அப்படிச் செய்யவில்லையே? (வாசகர், லெஸ்ரர்)

செய்தது. கரீபியன் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்து, ஐம்பது ஆண்டு பஸ் ஓட்டி, ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களிடம், இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆவணம் கேட்டார்கள். அவர்கள் வந்திறங்கிய அட்டைகளை உள்துறை அமைச்சு 2010-இல் தானே அழித்திருந்தது. விண்ட்ரஷ் என்று பெயர்பெற்ற இந்த விவகாரம் 2018-இல் வெடித்துப் பிரதமர் தெரேசா மே மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு ஏப்ரலிலேயே உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். தாளைத் தொலைத்தது அரசு, தண்டனை அனுபவித்தது குடிகள்.

கேள்வி: தமிழ்நாட்டு முகாமில் முப்பது வருஷமாக இருக்கிறோம். இந்தியச் சட்டப்படி எத்தனை வருஷம் வேண்டும்? (வாசகர், கும்மிடிப்பூண்டி)

கடைசி 12 மாதம், அதற்கு முந்திய 14 ஆண்டில் 11. உங்களிடம் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கிறது, முகாம் பதிவேடே சாட்சி. தடை வேறு. உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’, அவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் இந்த வழி அடைப்பு. 2019 திருத்தம் மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கு வழி திறந்தது, இலங்கை அதில் இல்லை. ஆனால் குடும்பத்தில் 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் யாராவது இருந்தால், அவர் பிறப்பாலேயே இந்தியர். பிறப்புச் சான்றிதழோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். இருந்ததற்கு அத்தாட்சி கையிலிருந்தும் உரிமை இல்லாதவர்கள் நீங்கள். டெல்லி இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

கேள்வி: போன மாதம்தான் வந்து இறங்கினேன். இன்றைக்கு நான் செய்ய வேண்டியது என்ன? (வாசகி, வின்னிபெக்)

ஒரு கொப்பி வாங்குங்கள். எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் போன தேதி, வந்த தேதி, போன இடம், காரணம் என்று நாலு சொல் எழுதுங்கள். வரிக் கடிதத்தையும் வாடகை ரசீதையும் ஒரு கோப்பில் போடுங்கள். உங்களோடு அம்மாவும் வந்திருந்தால் அவருக்கும் இதே போல ஒரு கொப்பி, ஒரு கோப்பு. அம்மாவுடையதை முதலில் தொடங்குங்கள்.