உதாரண புருஷர்

கம்ப்யூட்டர் சென்டரில் இவரைத் தவிர வேறு யாரும் ஆசிரியராக இருக்க முடியாது என்று நாம் எல்லோரும் எந்தக் காலத்திலோ ஒப்புக்கொண்டுவிட்டபடியால், இவருடைய உயரத்தையும் மீசையையும் சட்டைப் பையில் சொருகிய மார்க்கர் பேனாவையும் வர்ணித்து நேயர்களின் காலத்தை விரயம் செய்ய நான் உத்தேசிக்கவில்லை. எங்கள் ஆவுடையார்கோவிலில் கடைத்தெரு மாடியில் இருக்கிறார், உங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்னும் சாஸ்திரத்தை உதாரணத்தால் மட்டுமே கற்பிக்க முடியும் என்பது அவருடைய சித்தாந்தம்; உதாரணத்தைச் சொல்லி முடித்தபின் சாஸ்திரத்தைக் கற்பிக்க அவசியமில்லை என்பது அதிலிருந்து அவர் கண்ட உபசித்தாந்தம்.

உதாரணங்களுக்கெல்லாம் ஆதி உதாரணம் கார். “தம்பி, கார்ங்கிறது கிளாஸு, வாசல்ல நிக்குது பாருங்க, அது ஆப்ஜெக்டு” என்று அவர் ஜன்னல் பக்கம் கையை நீட்டும்போது வாசலில் நிற்பவை, மீமிசலிலிருந்து வந்த பஸ் ஒன்றும் கடைக்காரர்களின் மொபெட்டுகளுந்தான், ஆயினும் பையன்கள் சிரத்தையோடு எட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் காரின் நிறம் சிவப்பு, சக்கரம் நான்கு, ஸ்டார்ட், ஸ்டாப் என்ற இரண்டு மெத்தடுகளுக்குமேல் அது ஒன்றும் அறியாது. பிளஸ் டூ பாடத்தில் சி ப்ளஸ் ப்ளஸ் கோலோச்சிய காலத்தில் டர்போ சி ப்ளஸ் ப்ளஸின் நீலத் திரையில் அந்தக் கார் நின்றது. கல்லூரிகளில் ஜாவா பரவியபோது நிறங்கூட மங்காமல் ஜாவாவுக்குள் வந்து நின்றது. 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பைத்தான் பிரவேசித்தபோது அதற்குள்ளும் வந்து நின்றது. பியார்ன ஸ்ட்ரோஸ்ட்ரூப் 1979-இல் சி மொழியோடு கிளாஸைச் சேர்க்கத் தொடங்கியது முதல் உலகத்தில் எத்தனையோ மாறுதல்கள் நேர்ந்திருக்க, ஸ்டார்ட் செய்யப்பட்ட அந்தக் கார் மட்டும் இதுவரை ஓரடி நகர்ந்ததாகக் கேள்வியில்லை.

காரைத் தொடர்ந்து குரைக்கும் நாயும் கத்தும் பூனையும் வரும். ஒரே பெண்மணி மகளாகவும் மனைவியாகவும் தாயாகவும் விளங்குவது பாலிமார்பிசம் என்பார்; மருந்தை உள்ளடக்கிய மாத்திரை என்காப்சுலேஷன் என்பார். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், “அப்பா சொத்து பிள்ளைக்கு வருதில்ல, அதான் இன்ஹெரிட்டன்ஸு” என்பதை, பாகப்பிரிவினையைக் கண்ணால் கண்ட எந்த மனிதனும் பொறுக்கமாட்டான். நம் பக்கத்துச் சொத்து பங்கு போடப்போடக் குறைந்து கடைசியில் வரப்பு மாத்திரம் மிஞ்சும். புரோகிராமிலோ, எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுச் சொத்தும் உண்டு, தகப்பன் கையிலும் ஒரு காசு குறைவதில்லை, தகப்பன் செய்து வைத்தது பிடிக்காவிட்டால் பிள்ளை தன் மட்டுக்கும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். பங்காளிகள் உள்ள வீட்டிலிருந்து வந்த ஒரு பையன் இந்தச் சந்தேகத்தைக் கேட்டே விட்டான். “அது மல்டிபிள் இன்ஹெரிட்டன்ஸ் தம்பி, ஜாவால கிடையாது” என்று பதில் வந்தது. ஒரு பிள்ளைக்குப் பல தகப்பன்மார் இருப்பதற்கல்லவா அந்தப் பெயர் என்று கேட்க அந்தப் பையனுக்குத் தைரியம் இல்லை; எந்தப் பையனுக்குத்தான் இருக்கும்?

இதெல்லாம் மாடிக்குள் நடப்பது. சாயங்கால வேளையில் அவர் கோயிலுக்குள் நுழைந்துவிட்டால் உதாரண வெள்ளத்துக்குக் கரையே கிடையாது. எங்கள் ஆத்மநாத சுவாமியின் சந்நிதியில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மாத்திரமே உண்டு என்பதும், நந்தியும் கொடிமரமும் இல்லை என்பதும், யோகாம்பிகைக்கும் உருவம் இன்றிப் பாதங்களே தரிசனம் என்பதும் யாவரும் அறிந்தவை. “சுவாமி அப்ஸ்ட்ராக்ட் கிளாஸு, அதுக்கு ஆப்ஜெக்ட் உண்டாக்க முடியாது. நந்தியும் கொடிமரமும் டிக்ளேர் பண்ணியாச்சு, இம்ப்ளிமெண்ட் பண்ணல்லே” என்று அவர் மாணவர்களுக்கு வியாக்கியானம் செய்துகொண்டிருந்தபோது, பிராகாரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “அப்போ இத்தனை நாளா நாங்க கும்பிட்டுக்கிட்டிருக்கிறது யாரைத் தம்பி?” என்று சாந்தமாகக் கேட்டார். “மத்த ஊர்ல இருக்கிறதெல்லாம் இதிலேருந்து வந்த டிரைவ்டு கிளாஸுங்கய்யா” என்றார் நம்மவர். பெரியவர் எழுந்து இன்னொரு பிரதட்சிணம் செய்யப் போய்விட்டார்.

கல்லை மரச் சட்டம்போல் இழைத்து, ஆணி அடித்ததுபோலச் செதுக்கிய கொடுங்கையைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருப்பவனுக்குத் தெரிய வேண்டியதில்லை, அதுதான் என்காப்சுலேஷன் என்பார். இதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. அதோடு நிறுத்தமாட்டார். அது கல்தானா என்று சோதிக்க வெள்ளைக்காரன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டல்லவா? “பிரைவேட் டேட்டாவைத் தொடப் பார்த்தான், கம்பைலர் எர்ரர் அடிச்சிருச்சு” என்பார். புழுங்கலரிசிச் சாதத்தைப் படைகல்லில் பரப்பி அதன் ஆவியை நிவேதனம் செய்யும் முறைக்கும் அவரிடம் ஓர் உதாரணம் இருக்கிறது. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

சுவாமியே குருவாகக் குருந்த மரத்தடியில் எழுந்தருளி உபதேசம் செய்ததாகச் சொல்லப்படும் ஸ்தலம் இது. பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த மந்திரி குதிரையை மறந்து ஞானம் பெற்ற ஊரில், பில் போடும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவன் சிவப்புக் காரோடு திரும்புகிறான்.

இந்த வித்தையே உலகத்தைப் பார்த்து உண்டானதுதான் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. நார்வே தேசத்தில் ஓலே யோஹான் டால், கிரிஸ்டன் நைகார்ட் என்னும் இருவர், மனிதர்கள் வரிசையில் நிற்பதும் சரக்கு வந்து போவதும் போன்ற நடப்புகளைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்க்க விரும்பியே சிமுலா என்ற மொழியை உண்டாக்கினார்கள். கிளாஸும் ஆப்ஜெக்டும் இன்ஹெரிட்டன்ஸும் சிமுலா 67-இல் பிறந்தவை. 2001-ஆம் வருஷத்து டூரிங் விருதும் அவர்களுக்குக் கிடைத்தது. அதன்பின் 1970-களில் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில், ஆலன் கே முதலியோர் ஸ்மால்டாக் என்ற மொழியை அமைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஜன்னல்களைத் திரையில் திறந்து காட்டினார்கள். அவர்கள் உலகத்திலிருந்து புரோகிராமுக்குப் போனார்கள். நம்மவர் உதாரணத்திலிருந்து உதாரணத்துக்குப் போகிறார்.

என்னுடைய ஆத்திரம் இதுதான்: கண்ணெதிரே திரையில் ஒரு பட்டன் இருக்கிறது. அதற்கு எழுத்து உண்டு, நிறம் உண்டு, அமுக்கினால் செய்யவேண்டிய காரியம் உண்டு. ஆப்ஜெக்ட் என்றால் என்னவென்று காட்ட அதைவிட உத்தமமான வஸ்து மூன்று லோகத்திலும் இல்லை. ஜாவாவோடு 1998 முதல் சேர்ந்தே வரும் ஸ்விங் நூலகத்தில் ஜேஃப்ரேம் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. நம் ஜன்னலை அதன் பிள்ளை என்று ஒரு வரி எழுதினால், தலைப்புப் பட்டையும் சுருக்கும் குறியும் மூடும் குறியும் நாம் எழுதாமலே வந்து சேருகின்றன. இன்ஹெரிட்டன்ஸ் அதுதான். காட்ட இரண்டு நிமிஷம் போதும். வெப் விஷயமோ கேட்கவே வேண்டாம்: அது என்றைக்கும் “அடுத்த மாசம்”, சர்வர் என்றால் ஹோட்டல் சர்வர் என்பதற்குமேல் ஒருவரும் அறியார். கேட்டுவந்த மனிதனுக்கு பதில் சொன்ன மறுகணமே வெப் சர்வர் அவனை மறந்துவிடும், ஆகையால் அவனை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தனியே ஏற்பாடு செய்யவேண்டும் என்ற முதல் பாடமே அங்கே இன்னும் பிரஸ்தாபத்துக்கு வரவில்லை.

என் தங்கை மகன், என் உரக்கடைக்கு பில் புரோகிராம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு அங்கே சேர்ந்தவன், தானே முட்டி மோதி ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டான். மூடும் குறியை அமுக்கினான், ஜன்னல் மறைந்தது, ஆனால் புரோகிராம் சாகவில்லை. மறுபடி திறந்தான், மூடினான். சாகாதவை உள்ளே ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பழைய கம்ப்யூட்டர் முனகத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய்ச் சாரிடம் கேட்டான். அவர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, “உடம்புதான் மறைஞ்சிருக்கு தம்பி. ஆத்மா எங்க போகும்? இது ஆத்மநாதர் ஊரு” என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி கரைந்துபோயிற்று. ஸ்விங்கின் சுபாவமே அதுதான்; மூடினால் மறையுமே தவிர முடியாது. இவ்வளவு பொருத்தமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றப் பாதிக் கோபம் அப்படியே இருக்கிறது. ஏனென்றால், அந்த ஆத்மாவை வழியனுப்ப எக்ஸிட் ஆன் க்ளோஸ் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், அந்த ஒரு வரியை அவர் சொல்லவில்லை. பையன் இரவில் செல்போனில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தான். நெல் விற்ற பணத்தில் ஃபீஸ் கட்டுகிற வீடுகள் இவை. ஃபீஸ் பாக்கியைக் கேட்கும்போது மாத்திரம் அவர் உதாரணம் சொல்லுவதில்லை. ரூபாய் பைசா சுத்தமாக நேரடியாகப் பேசுகிறார்.

இத்தனைக்கும் அவருடைய மாணவர்களுக்கு வேலை கிடைக்கிறது என்பதுதான் விசித்திரம். சென்னைக்குப் போன ஒருவன், “இன்டர்வியூல ரியல் டைம் எக்ஸாம்பிள் கேட்டாங்க சார், உங்க காரைத்தான் சொன்னேன்” என்று போன் செய்தானாம். கேள்வி கேட்ட அதிகாரியும் எந்த ஊரிலோ ஒரு மாடியில் அதே காரில் ஏறி இறங்கியவராகத்தான் இருக்கவேண்டும்.

பில் புரோகிராம் இப்போது என் கடையில் ஓடுகிறது. மூட்டை வாங்க வந்த நம்மவர், பட்டனை அமுக்கியதும் பில் அச்சாகி வெளியே வருவதைக் கண்டு, “யாரு எழுதினது?” என்றார். “நான்தான் சார்” என்றான் பையன். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தவர் கண்ணில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது; அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அடுத்த வாரமே மாடியிலிருந்து செய்தி வந்தது, கார் ஒழிந்ததென்று. “உரம்ங்கிறது கிளாஸு, யூரியா ஆப்ஜெக்டு” என்று பாடம் நடக்கிறதாம்.

“யூரியாவும் கிளாஸ்தான் மாமா. உரத்திலேருந்து வந்த கிளாஸ். மூட்டைதான் ஆப்ஜெக்ட்” என்று பையன் தலையில் அடித்துக்கொண்டான்.

“போய் அவர்கிட்டச் சொல்லேன்டா” என்றேன்.

“சொன்னேன் மாமா. அதுக்கு ஒரு உதாரணம் சொன்னாரு.”