துப்பறிவாளர் வீட்டில் பூதத்துக்கு இடமுண்டா?

மைசூரு ராமாபுரத்திலிருந்து தடிமனான உறை ஒன்று வந்தது. நீராவி, மந்திரம், காதல், கொலை எல்லாம் கலந்த ஆங்கில மர்மத் தொடர் ஒன்றை வாசகர்கள் சிலர் கைமாற்றிக் கைமாற்றிப் படித்துவிட்டு, ஆளுக்கொரு கேள்வியாக எழுதி ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கே: ஸ்டீம்பங்க், ஸ்டீம்பங்க் என்கிறார்களே, அது என்னங்க?

ப: பெட்ரோலும் கம்ப்யூட்டரும் வராமலே போய், நீராவியும் பல்சக்கரமும் மட்டும் வளர்ந்துகொண்டே போயிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கற்பனைதான். வானத்தில் ஆகாயக் கப்பல் மிதக்கும், மேசைமேல் பித்தளைக் கருவி டிக் டிக்கென்று ஓடும், தெருவில் காஸ் விளக்கு எரியும். பெயர் வைத்தவர் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர். அது கம்ப்யூட்டர் உலகக் கற்பனையான சைபர்பங்க் கதைகள் கொடிகட்டிப் பறந்த நேரம். தானும் தன் நண்பர்களும் எழுதுகிற விக்டோரியா காலக் கற்பனைக் கதைகளுக்கும் ஒரு பெயர் வேண்டுமே என்று 1987-ல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பெயரைச் சொன்னார். நிலைத்துவிட்டது.

கே: ஏன் எப்போது பார்த்தாலும் லண்டன்? வேறு ஊரே கிடையாதா?

ப: ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-ல் அந்த ஊரில் குடியேறிவிட்டார். அதற்குப் பிறகு வந்த துப்பறிவாளர்களுக்கு அந்தப் பனிமூட்டமும் குதிரைவண்டிச் சத்தமும் தாய்வீடு மாதிரி ஆகிவிட்டன. ஆனால் லண்டன் மர்மங்களின் வேர் எங்கே இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தால் உங்கள் பக்கத்து ஊரில் வந்து நிற்கும்.

கே: நிஜமாகவா? மைசூருக்கும் விக்டோரியா காலத் துப்பறியும் கதைக்கும் என்ன சம்பந்தம்?

ப: சம்பந்தம் என்ன, அந்தக் கதைக்குத் தொட்டில் போட்ட ஊரே உங்கள் சீமைதான். 1868-ல் வில்கி காலின்ஸ் 'மூன்ஸ்டோன்' என்ற நாவலைத் தொடராக எழுதினார். வெளியிட்டது சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ். ஆங்கிலத்தின் முதல் முழுநீளத் துப்பறியும் நாவல் என்று அதைத்தான் பலரும் சொல்கிறார்கள். அதன் முதல் காட்சி லண்டனில் நடக்கவில்லை. 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை விழுந்த நாளில் நடக்கிறது. திப்பு சுல்தானின் ஆயுதசாலைக்குள் புகுந்த ஓர் ஆங்கிலேய அதிகாரி, கத்திப்பிடியில் பதித்திருந்த மஞ்சள் வைரத்தைக் கொலை செய்து கவர்ந்துகொள்கிறான். அது குஜராத் சோமநாதத்துச் சந்திரதேவன் நெற்றியில் இருந்த கல். காவலுக்கு என்று தலைமுறை தலைமுறையாக மூன்று பிராமணர்கள் அந்தக் கல்லைப் பின்தொடர்கிறார்கள். கல் இங்கிலாந்து போகிறது. அவர்களும் கடல் தாண்டிப் போகிறார்கள்.

வைரமும் அதிகாரியும் காலின்ஸின் கற்பனை. கோட்டை விழுந்ததும், அடுத்த நாட்களில் நடந்த கொள்ளையும் கற்பனை இல்லை. ஆங்கிலக் குடும்பம் ஒன்றில் பிறந்தநாள் விருந்து நடந்த இரவில் வைரம் காணாமல் போகிறது. எல்லோரும் இந்தியர்களைச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் இந்தக் கதையின் முதல் திருடன் யார் என்பதை வாசகனுக்குத் தொடக்கத்திலேயே காலின்ஸ் சொல்லிவிட்டார். 1857 கலகம் முடிந்து பதினோரு வருடம்கூட நிறையாத காலத்தில், இந்தியர் என்றாலே ஆங்கிலப் பத்திரிகைகள் பல்லைக் கடித்த காலத்தில், ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். எனக்கு அவர்மேல் இன்றைக்கும் தீராத மரியாதை உண்டு.

கடைசியில் அந்த மூன்று காவலர்களும் கல்லை அதன் இடத்தில் சேர்த்துவிட்டு, கடல் தாண்டியதால் சாதியை இழந்தவர்களாக, ஒருவரை ஒருவர் இனிப் பார்ப்பதில்லை என்று தழுவிக்கொண்டு மூன்று திசையில் யாத்திரை போவார்கள். துப்பறியும் கதை படித்துக் கண் கலங்கியது எனக்கு அந்த ஒரே இடத்தில்தான். திருடியது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

கே: எங்கள் பக்கம் பொருள் காணாமல் போனால் மை போட்டுப் பார்ப்பார்கள். அந்த மாதிரி ஏதாவது வெள்ளைக்காரன் கதையில் வருமா?

ப: வரும். அதே 'மூன்ஸ்டோ'னில் வரும். அந்த மூன்று பேரும் செப்பிடுவித்தைக்காரர் வேடத்தில் இங்கிலாந்துக் கிராமத்துக்கு வருகிறார்கள். கூட ஓர் ஆங்கிலேயச் சிறுவன். அவன் உள்ளங்கையில் மையை ஊற்றி, "அதற்குள் என்ன தெரிகிறது?" என்று கேட்கிறார்கள். வைரத்தோடு வருகிறவன் எந்த வழியில் வருகிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். வெற்றிலையில் தடவிப் பார்ப்பதும் உள்ளங்கையில் ஊற்றிப் பார்ப்பதும் ஒரே குடும்பத்து வித்தை. மந்திரமும் துப்பறிதலும் கலப்பது புதுச் சமாச்சாரமே இல்லை. தொட்டிலிலேயே கலந்துதான் பிறந்தன.

கே: மந்திரம் இருந்தால் துப்பறிவாளருக்கு என்ன வேலை? மந்திரம் போட்டே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடலாமே?

ப: உறையில் இருந்த கேள்விகளில் இதுதான் முத்து. இந்த வகைக் கதை நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். பேய், பிசாசு, தெய்வச் செயல் எதுவும் கூடாது என்பது அதில் ஒன்று. வாசகனும் துப்பறிவாளரோடு சேர்ந்து யோசிக்கிறான். கடைசியில் "மந்திரத்தால் பூட்டைத் திறந்தான்" என்றால் அவனை ஏமாற்றியதாகிவிடும். நியாயமான கட்டளைதான்.

ஆனால் ராண்டல் கேரட் என்ற அமெரிக்கர் 1964 முதல் 'லார்ட் டார்சி' கதைகளை எழுதிக் காட்டினார். அந்த உலகத்தில் மந்திரமே ஒரு படிப்பு. அதற்குக் கணக்கு உண்டு, சட்டம் உண்டு. தடயத்தை ஆராய்வதற்கு டார்சியோடு ஒரு மந்திரவாதி வருவார், நம் ஊரில் தடயவியல் நிபுணர் வருகிற மாதிரி. மந்திரத்தால் எது முடியும், எது முடியாது என்று வாசகனுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடும். அப்புறம் குற்றத்தைக் கண்டுபிடிக்க மூளை ஒன்றுதான் வழி.

இதை நமக்கு முன்பே பழக்கியவர் ஒருவர் உண்டு. இரும்புக்கை மாயாவி! 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தாரே, அவர்தான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், ஆனால் இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தக் கை மறையாததால்தான் நாம் நகம் கடித்தோம். அதுவும் மறைந்திருந்தால் இரண்டாவது இதழ் விற்றிருக்காது. சக்திக்கு ஒரு வரம்பும் விலையும் வைத்துவிட்டால் மந்திரமும் மர்மமும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும்.

கே: அப்படியானால் வேதாளம்?

ப: பேய் கேள்வி கேட்கும், ராஜா தர்க்கத்தால் பதில் சொல்வார். பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடிக்கும். பூதமும் புத்தியும் இதைவிட நெருக்கமாக உட்கார்ந்த கதை எந்த நாட்டில் இருக்கிறது?

கே: துப்பறியும் கதையில் காதல் இடைஞ்சல்தானே? பக்கத்தை நிரப்பத்தானே சேர்க்கிறார்கள்?

ப: சேர்த்து ஒட்டினால் இடைஞ்சல். மர்மத்துக்கே அது பூட்டாக இருந்தால் உயிர். மறுபடி 'மூன்ஸ்டோன்' பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. வைரத்தைப் பறிகொடுத்த ரேச்சலுக்கு உண்மையில் ஒரு பாதி தெரியும். வாயைத் திறந்தால் நாவல் நூறு பக்கத்தில் முடிந்துவிடும். காதல் அவள் வாயைக் கட்டிவிடுகிறது. ஹோம்ஸ் கதையில்கூட 1890-ல் வந்த 'நால்வர் அடையாள'த்தில் ஆக்ரா புதையல், தேம்ஸ் நதியில் நீராவிப் படகுத் துரத்தல், வாட்சனின் காதல் மூன்றும் ஒன்றாக வரும். புதையல் தான் விரும்பும் மேரி கைக்குக் கிடைத்துவிட்டால் தன்னைப் போன்ற ஏழை வைத்தியன் அவளைப் பெண் கேட்க முடியாது என்று வாட்சன் தவிப்பார். மர்மம் அவிழ அவிழக் காதல் நழுவுகிற மாதிரி கட்டிய கட்டு அது.

கே: அதே கதையில் அந்தமான்காரரைக் காட்டுமிராண்டியாகக் காட்டியிருக்கிறாரே கோனன் டாயில்?

ப: ஆமாம். அது பழுதுதான், காலத்தைக் காரணம் காட்டி மூட முடியாது. இருபத்திரண்டு வருடம் முன்பே காலின்ஸால் முடிந்திருக்கிறது.

கே: திப்புவின் பொம்மைப் புலி பற்றிக் கேள்விப்பட்டேன். அது ஸ்டீம்பங்கில் சேருமா?

ப: நீராவி கிடையாது. மற்றதெல்லாம் உண்டு. ஆளைக் கீழே தள்ளி அவன்மேல் ஏறி நிற்கும் மரப்புலி, ஏறக்குறைய நிஜ அளவு. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்தி ஊதும். புலி உறுமும், கீழே கிடக்கும் வெள்ளைக்காரன் கையைத் தூக்கித் தூக்கி ஓலமிடுவான். புலியின் விலாவைத் திறந்தால் உள்ளே கட்டைகள் வைத்த ஆர்கன் வாத்தியம் இருக்கும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எடுத்துப் போனார்கள். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் வைத்தபோது, வருகிறவர்கள் எல்லாம் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, பக்கத்து நூலகத்தில் படிக்கிறவர்களுக்குத் தலைவலி. பிறகு கைப்பிடியே காணாமல் போயிற்று. இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விக்டோரியா பெயரிலேயே! பல்சக்கரக் கதை எழுதுகிற எந்த எழுத்தாளனும் இதைவிட நல்ல பொருளைக் கற்பனை செய்ததில்லை.

கே: தமிழில் முதன்முதலில் துப்பறியும் கதை எழுதியவர் யார்?

ப: பண்டித நடேச சாஸ்திரி. 1894-ல் தானவன் என்ற போலீஸ் நிபுணனை வைத்து எழுதினார். ஹோம்ஸ் பிறந்து ஏழே வருடம்! இவரே 1886-ல் மதனகாமராஜன் கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பதைக் கவனியுங்கள். ஒரு கையில் மாயக் கதை, மறு கையில் போலீஸ் கதை. பின்னால் ஜே. ஆர். ரங்கராஜு 1908-ல் 'ராஜாம்பா'ளோடு வந்தார், துப்பறியும் கோவிந்தனைத் தந்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில எழுத்தாளர் ரெய்னால்ட்ஸின் லண்டன் மர்மங்களை நம் ஊர் வேட்டி கட்டி அழைத்து வந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைக் கொடுத்தார். 1950-ல் அது படமானபோது நம்பியார் எத்தனை வேடம் கட்டினார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், விரல் விட்டு எண்ணி விரல் போதாது என்பார்கள்.

கே: பெண்கள்?

ப: வை. மு. கோதைநாயகி அம்மாள். 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்திக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். துப்பறியும் கதையையும் விட்டுவைக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

கே: இந்த ஸ்டீம்பங்க் மர்ம வகையில் இப்போது எதைப் படிக்கத் தொடங்கலாம்?

ப: கெய்ல் கேரிகர் 2009-ல் எழுதிய 'சோல்லெஸ்'. குடையும் கையுமாக அலையும் நாயகி. அவள் தொட்டால் இரத்தக்காட்டேரியின் சக்தியும் ஓநாய் மனிதனின் சக்தியும் அந்த நேரத்துக்கு அணைந்துபோகும். பாருங்கள், இங்கும் வரம்பு.

கே: தமிழில் இப்படி ஒரு தொடர் எழுதினால் எந்த ஊரில், எந்த வருடத்தில் வைக்கலாம்?

ப: 1902, மைசூர் சமஸ்தானம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த வருடம் ஜூன் மாதம் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் கிளம்பி, 92 மைல் கம்பி வழியாகக் கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தனை தூரம் மின்சாரம் கொண்டுபோவது அன்றைக்கு உலகமே வியந்த வேலை. அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரங்களை யானைகளைக் கொண்டும் வண்டிகளிலும் இழுத்துப் போனார்கள். வயலில் அதுவரை நீராவி இயந்திரங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள்.

கொதிகலன் அணைகிற நேரம், கம்பி இழுக்கிற நேரம், தங்கம் இருக்கிறது, திருட்டு இருக்கிறது, பாதாளத்தில் இருட்டு இருக்கிறது, மை போட்டுப் பார்க்க ஆள் இருக்கிறது. கல்கத்தாவில் 1897-லேயே கைரேகைப் பிரிவு தொடங்கியாயிற்று, ஆகவே விஞ்ஞானமும் கைக்கெட்டும் தூரம்தான். காதலுக்கு லைன்வீடுகள் இல்லையா? பெங்களூருத் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். பெங்களூருக்கு முன்னால் ஒரு சுரங்கத்துக்கு மின்சாரம் போயிருக்கிறது. ஏன் என்று ஒரு துப்பறிவாளன் கேட்டாலே முதல் அத்தியாயம் கிடைத்துவிடும்.

கே: இதெல்லாம் வெள்ளைக்காரன் வந்தபிறகு வந்தது. நம்முடைய சொந்தச் சரக்கு ஏதாவது உண்டா?

ப: சீவக சிந்தாமணியின் மயிற்பொறி தெரியுமல்லவா? கருவுற்ற விசயையை ஏற்றி அனுப்ப அரசன் சச்சந்தன் செய்வித்த பறக்கும் பொறி. ஒரு பக்கம் திருகினால் ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும். அது இறங்கியது சுடுகாட்டில். அங்கேதான் சீவகன் பிறக்கிறான், தோழி வடிவில் ஒரு தெய்வம் வந்து துணை நிற்கிறது. திருத்தக்கதேவர் ஆயிரம் வருடத்துக்கு முன்பு எழுதியது.

அதையும் தாண்டி என் மனசைப் பிடித்தது கொங்குவேளிரின் பெருங்கதை. யானைப் பித்துக் கொண்ட உதயணனைப் பிடிக்க உஞ்சை நகரத்து அரசன் பிரச்சோதனன் ஒரு பொறியானை செய்து காட்டில் நிறுத்துகிறான். வயிற்றுக்குள் வீரர்கள். பிடிபட்ட உதயணன், பகைவன் மகள் வாசவதத்தைக்கு யாழ் கற்றுத்தரும் ஆசிரியனாகிறான். காதல் மலர்கிறது. அவனை மீட்க அமைச்சன் யூகி மாறுவேடத்தில் அந்த ஊருக்குள்ளேயே உலாவுகிறான். இயந்திரம், காதல், உளவு மூன்றும் ஒரே நூலில். அமைச்சன் பெயரைப் பாருங்கள்: யூகி!

உ. வே. சாமிநாதையர் 1924-ல் பெருங்கதையைப் பதிப்பித்தபோது அவருக்குக் கிடைத்த ஏட்டில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. பொறியானை வருகிற இடம் தொலைந்த தொடக்கத்தில் இருக்கிறது. பிற்பகுதியில் ஆங்காங்கே வரும் பேச்சுகளிலிருந்தும் மற்ற நூல்களிலிருந்தும்தான் அதை அறிகிறோம். ராமாபுரத்தில் உங்களில் யாராவது எழுத உட்கார்ந்தால், அந்தக் காணாமல் போன ஏட்டிலிருந்து தொடங்குங்கள். முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள்.