மரவிரிசல் அடைப்பியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

ஆய்வின் எல்லை

கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி ஆகியவற்றில் தென்படும் விரிசல்களையும் இடுக்குகளையும் மனிதர்கள் எதைக் கொண்டு அடைக்கிறார்கள், அடைத்த பிறகும் ஏன் அந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பிளைவுட்டும் அதன்மேல் ஒட்டும் மைக்காவும் இதில் சேரா. அவை மரத்தில் சேர்த்தியா என்பதில் ஆசாரிமாரிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை. சுவர் விரிசலும் விலக்கப்பட்டுள்ளது. அது கொத்தனாரின் எல்லை. தாண்டினால் சண்டை வரும்.

1. விரிசலின் தோற்றம்

வெட்டப்பட்ட செய்தி மரத்துக்கு முழுதாகப் போய்ச் சேர்வதே இல்லை. அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்ட பிறகும் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிப்பதும் விடுவதுமாகவே இருக்கிறது. பச்சை மரத்தின் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் சுருக்கம் தொடங்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால் இந்தத் துறையே பிறந்திருக்காது. தேக்கு முற்றாகக் காயும்போது நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ 2.5 சதவீதமும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருங்குவதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டியதில்லை. வளையம் சுருங்கப் பார்க்கும். உள்மரம் அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காது. இந்தத் தகராறு பட்டையிலிருந்து நடுத்தண்டு வரை ஒரு பிளவில் போய் முடியும்.

வெட்டுமுனை வழியே ஈரம் வெளியேறும் வேகம் பக்கவாட்டில் வெளியேறுவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். எனவே பலகை முதலில் வெடிப்பது முனையில்தான். மர வாடியில் அந்த முனைகளுக்குப் பெயின்டோ மெழுகோ பூசி வைப்பதன் காரணம் இது. வாங்க வருபவர்கள் அதைக் கடைக்காரரின் அடையாளக் குறி என்று நினைத்துக்கொள்வது தனி ஆய்வுக்குரிய பொருள்.

2. வகைப்பாடு

மரம் செய்தது விரிசல். ஆள் செய்தது இடுக்கு. முன்னது ஆண்டு முழுவதும் அசையும். பின்னது அசையாது, ஆனால் ஆண்டு முழுவதும் பேசப்படும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒரே டப்பாவிலிருந்து எடுத்து அடைப்பதே இத்துறையின் தோல்விகளுக்குத் தலையாய காரணம் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்து. ஆணித் துளை, வண்டுத் துளை, கணு உதிர்ந்த குழி ஆகியவை மூன்றாம் வகை. இவற்றுக்கு யாரையும் பொறுப்பாக்க முடியாததால் ஆய்வுலகம் இவற்றில் அதிக அக்கறை காட்டுவதில்லை.

களத்தில் இந்த வகைப்பாடு எளிதாக அமைவதில்லை. நிலைச்சட்டத்தில் கழுந்து துளைக்குள் இறங்கிய இடத்தில் ஒரு நூல் வெளிச்சம் தெரிகிறது என்று கொள்வோம்.

“என்ன ஆசாரியாரே, இங்க கேப் விழுந்திருக்கே?”

“மரம் இழுத்துக்கிச்சு சார். பட்டி பாத்துட்டா தெரியாது.”

சட்டம் கூட்டப்பட்டது அன்று காலையில்தான். அரை நாளில் ஒரு நூல், அதாவது எட்டில் ஓர் அங்குலம், இழுத்துக்கொள்ளும் மரம் தாவரவியலில் இதுவரை பதிவாகவில்லை. ஆகவே விரிசல், இடுக்கு என்ற பாகுபாட்டைச் சொல்பவரை வைத்துச் செய்யாமல் சட்டம் கூட்டிய தேதியை வைத்துச் செய்வது நலம்.

3. அடைபொருள்களின் வரலாறு

வெள்ளைப் பசை வருவதற்கு முன் பட்டறைகளில் வச்சிரம் ஆட்சி செய்தது. தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுத்த பசைக்கட்டியை ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளக்குவார்கள். கொதித்தால் பிடிப்புப் போகும், ஆறினால் இறுகும், பின்னாளில் ஈரம் பட்டால் விட்டுப்போகும். நாற்றம் தெருமுனை வரை எட்டும். 1959இல் ஃபெவிகால் வந்தது. பட்டறை அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பசையோடு மரத்தூளைக் குழைத்து இடுக்கில் திணிக்கும் முறை தச்சுத் தொழிலின் பொதுச்சொத்தானது.

சாக் பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்யும் பட்டி இன்னொரு மரபு. எண்ணெய் காற்றோடு கலந்து மெல்ல இறுகும். பெயின்ட் அடிக்கப்போகும் மரத்துக்கு அது போதும், ஏனெனில் பெயின்ட் எல்லாவற்றையும் மன்னிக்கும். பாலிஷ் எதையும் மன்னிக்காது.

மூன்றாவது எபாக்ஸி. இரண்டு பொருள்களைப் பிசைந்தால் வேதிவினையால் இறுகும் வகை. நீர் வற்றி உலர்வதில்லையாகையால் அநேகமாகச் சுருங்குவதும் இல்லை. எம்சீல் இந்தக் குலத்தைச் சேர்ந்தது. குழாய் ஒழுகலுக்கு வாங்கி மீந்த கட்டி எந்த மரச்சாமானில் போய்க் குடியேறுகிறது என்பது அந்தந்த வீட்டுப் பொருளாதாரத்தைப் பொறுத்தது.

4. தூளும் பசையும்: கள ஆய்வு

ரம்பத்தூள் கரடாக இருக்கும்; உப்புத்தாளில் தேய்த்த மாவே உகந்தது. ஆசாரி அதே பலகையின் மறைவான பக்கத்தைத் தேய்த்து, உதிரும் மாவை ஒரு மைக்காத் துண்டில் கூட்டுகிறார். நடுவில் குழி பறித்துப் பசை விட்டு, உளி முனையால் குழைக்கிறார். கையில் ஒட்டினால் மாவு போதவில்லை. உதிர்ந்தால் பசை போதவில்லை. பிறகு பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, இடுக்குக்குக் குறுக்கே இழுத்து அழுத்துகிறார். நெடுக இழுத்தால் உள்ளே போனதைத் தகடே வாரிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் சற்று மேடாகவே விட்டுவிடுகிறார். பசையிலுள்ள நீர் வற்றியதும் அடைத்தது உள்வாங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இங்கேதான் இத்துறையின் முதல் விதி வெளிப்படுகிறது: அதே மரத்தின் தூள் அதே மரத்தின் நிறத்தில் முடியாது. தூளைப் பசை போர்த்திவிடுவதால் அது சாயத்தையோ பாலிஷையோ மரத்தைப்போல் உறிஞ்சாது. ரேகை ஓட்டமும் அதில் இல்லை. வெளிச்சம் வேறு மாதிரி பட்டுத் திரும்பும். போதாக்குறைக்கு, சுற்றிலும் ஈஷிய பசை மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிட, அங்கே சாயம் ஏறாமல் வெளிறிய வட்டம் ஒன்று பிறக்கிறது. மறைக்க நினைத்தது மெல்லிய கோடு. கிடைத்தது கரைகட்டிய தீவு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அதில் தூளைக் குழைத்தால் இந்தத் தொல்லை குறையும். எதையும் முதலில் மிச்சத் துண்டில் போட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது.

இடுக்கு அகலமானால் தூள் ஆகாது. அதே பலகையின் ஓரத்திலிருந்து ஒரு சிம்பு சீவி, ஒரு விளிம்பை மெலிதாக்கி, ரேகை ஒரே போக்கில் ஓடும்படி வைத்து, பசை தடவிக் கொட்டாப்புளியால் தட்டி இறக்க வேண்டும். காய்ந்த பின் நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சீவி, இழைப்புளி ஓட்டினால் வேலை முடிந்தது. மரத்தை மரத்தால் அடைக்கும் இம்முறையில் நிறச் சண்டை அநேகமாக எழுவதில்லை.

5. அசையும் விரிசல்

மேற்சொன்னவை அசையாத இடுக்குக்கு. விரிசலின் கதை வேறு. ஓரடி அகலமுள்ள தேக்குப் பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறி இறங்கினால் அகலம் சுமார் 2 மில்லிமீட்டர் மாறக்கூடும். அக்னி நட்சத்திரத்தில் வாய் திறக்கும் விரிசல் ஐப்பசி அடைமழையில் தானே ஒடுங்கும். கோடையில் அதைக் கல்லாக இறுகும் பொருளால் அடைத்துவிட்டால், மழைக்காலத்தில் பருக்கும் பலகைக்குப் போக இடமில்லை. ஒன்று, அடைத்ததைத் துப்பும். இல்லையேல் விரிசலை இன்னும் நீட்டும்.

இந்த ஞானம் பழைய கதவிலேயே இருக்கிறது. சட்டத்தின் காடிக்குள் பலகையைப் பசை போடாமல் சொருகி, அக்கம்பக்கம் கொஞ்சம் இடம் விடுவார்கள். அந்த இடம் கண்ணை உறுத்துகிறது என்று வீட்டுக்காரர் பட்டி பார்க்கச் சொன்னால், அடுத்த கோடையில் சுருங்க வழியில்லாத பலகை நட்டநடுவில் பிளக்கும். தானே வாசல் வைத்து விரிசலை வரவழைக்கும் இச்செயலுக்குக் கூலியும் தனியாகக் கொடுக்கப்படுகிறது.

அசையும் இடைவெளியை அடைக்கக் கற்றவர்கள் கடலோரத்தில் இருந்தார்கள். மரப்படகுக்குக் கலப்பத்து அடிக்கும்போது, பலகைகளின் இடையே பஞ்சுத் திரியை மழுங்கிய உளியால் அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். படகு தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பருத்துத் திரியை நெருக்கும். திரி நசுங்கிக் கொடுக்கும், படகு ஒழுகாது. அசையும் இடத்துக்கு விட்டுக்கொடுக்கும் பொருள் என்ற விதி இதனால் நிறுவப்படுகிறது.

6. அடைக்காதோர் மரபு

அடைக்கத்தான் வேண்டுமா என்று கேட்ட ஒரு மரபும் உண்டு. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக் கலைஞர் ஜார்ஜ் நாகஷிமா (1905–1990), கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்திலிருந்து 1937இல் பாண்டிச்சேரிக்கு வந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தைக் கவனிப்பது வேலை. அங்கேயே ஆசிரமவாசியாகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். கோல்கொண்டேயில் காற்று போய்வர இடைவெளி விட்டே அடுக்கிய தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவுகள் உண்டு. அந்த இடுக்குகளுக்கு இன்றுவரை யாரும் பட்டி பார்க்கவில்லை என்றே கொள்ளலாம். பிற்காலத்தில் பென்சில்வேனியாவில் பெரும் மரப்பாளங்களில் மேசை செய்த நாகஷிமா, விரிசலைத் திறந்தபடியே விட்டு, அது மேலும் ஓடாதபடி குறுக்கே இரட்டைப் புறாவால் வடிவக் கட்டைகளைப் பதித்தார். நம்மூரில் கழிவு விலைக்குப் போகும் பலகையை அவர் கூடத்தின் நடுவில் வைத்தார்.

7. பரிந்துரைகள்

ஆள் செய்த இடுக்கைச் சிம்பு வைத்து இறுக அடைக்கலாம். மரம் செய்த விரிசலை ஒரு கோடையும் ஒரு மழையும் பார்க்க விட்டு, பிறகு விட்டுக்கொடுக்கும் பொருளால் அடைக்கலாம், அல்லது கட்டை பதித்து நிறுத்தலாம். காடிக்குள் விட்ட இடத்தை அடைக்கவே கூடாது.

கோடையும் மழையும் பார்க்கவிடாமல் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டவர்களுக்கு மட்டும் ஓர் இடைக்கால ஏற்பாடு உண்டு. அன்று காலை வாசல் நிலைக்கு மஞ்சள் குழைத்துப் பூசிக் குங்குமம் வைப்பார்கள். கழுந்து கூடும் மூலையில் கொஞ்சம் கெட்டியாகவே அப்பச் சொல்லி ஆசாரியார் பக்கத்தில் நின்று இடம் காட்டுவார். அந்த அடைபொருளின் நிறம் மரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று இதுவரை எந்தச் சம்பந்தியும் குறை சொன்னதாக ஆய்வில் தெரியவரவில்லை.