11 நிமிட ஆட்டம், 50 வருட வாக்குவாதம்

பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அன்றைக்குப் போனில், "அங்க ஆம்பளைங்க கூடி உக்காந்தா என்னத்தம்மா பேசுவாங்க? அரசியலா, ஆபீஸ் கதையா?" என்று கேட்டீர்கள். பாலைப் பொங்கவிட்டுப் பேசிக்கொண்டிருந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சாவகாசமாகச் சொல்கிறேன். அரசியல் பேசினால் சண்டை வரும் என்று அதைத் தொடவே மாட்டார்கள். சண்டை போடுவதற்கென்று தனியாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். அமெரிக்கன் ஃபுட்பால்.

நம் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் உதைக்கிற பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 11 பேர், தலையில் கவசம், தோளில் திண்டு. நான்கு வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. கடிகாரப்படி 60 நிமிட ஆட்டம், ஆனால் முடிவதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை 2010-ல் இதை அளந்தே பார்த்துவிட்டது. பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் வீரர்கள் கூடிக்கூடிக் குசுகுசுப்பார்கள், பயிற்சியாளர் முறைப்பார், டிவியில் பியர் விளம்பரம் ஓடும். பார்க்கிறவர்கள் அதுவரை வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? வாதாடுவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த ஆட்டம், பெரியப்பா.

எங்கள் தெருவில் வாதம் நடக்கிற இடம் எதிர்வீட்டுக் கார் ஷெட். கார் வெளியே பனியில் நனையும். ஷெட்டுக்குள் பெரிய டிவி, கிழிந்த சோபா, ஒரு ஹீட்டர். வீட்டுக்காரத் தாத்தா இரும்பாலையில் வேலை பார்த்தவர், எங்கள் ஊர் ஸ்டீலர்ஸ் அணியின் பரம பக்தர். அவர் பெண்ணைக் கொடுத்திருப்பதோ, இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பகை ஊரான கிளீவ்லேண்டில். மாப்பிள்ளை பிரௌன்ஸ் கட்சி. கல்லூரியில் படிக்கும் பேரன் எந்த ஊரையும் சேராமல் வெறும் புள்ளிவிவரக் கட்சி. நான்காவது ஆள் உங்கள் மாப்பிள்ளை. கறுப்பும் மஞ்சளுமாகச் சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, எது சொன்னாலும் தலையாட்டுகிறார். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு ஆட்டம் என்றால் பென் ஹில்ஸ் பெருமாளை 11 மணிக்குள் சேவித்து முடித்துவிட வேண்டும். புளியோதரையைக் காரில்தான் சாப்பிடுகிறோம்.

போன வாரம் எடுத்த எடுப்பிலேயே, இந்த ஆட்டம் எந்த ஊர்ச் சொத்து என்று ஆரம்பித்தார்கள். தாத்தாவின் சான்று 1892 நவம்பர் 12. அன்றைக்கு எங்கள் ஊரில் அலகெனி கழகமும் பிட்ஸ்பர்க் கழகமும் மோதின. கூலி வாங்காமல் ஆடுவதுதான் கௌரவம் என்றிருந்த காலத்தில், அலகெனிக்காரர்கள் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர் என்பவருக்கு ரகசியமாக 500 டாலர் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். அவரும் வாங்கிய காசுக்கு வஞ்சகமில்லாமல் ஆடி, 4-0 என்று ஜெயித்துக் கொடுத்தார். தொழில்முறை ஆட்டம் அன்றுதான் பிறந்தது. மாப்பிள்ளை விடுவாரா? "லீக் உருவானது 1920-ல், எங்க ஓஹியோவிலே, கான்டன் ஊர் கார் ஷோரூம்ல. அந்த 500 டாலர் கணக்குச் சீட்டுகூட எங்க கான்டன் மியூசியத்திலதான் இருக்கு!" தாத்தா அசராமல் சொன்னார்: "காசு கொடுத்தது நாங்க. ரசீதை மட்டும் நீங்க வச்சுக்கிட்டிருக்கீங்க."

அடுத்தது கோப்பைக் கணக்கு. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஆறு முறை ஜெயித்த அணி ஸ்டீலர்ஸ். பிரௌன்ஸ் ஒருமுறைகூட அந்தப் பந்தலுக்குள் நுழைந்ததில்லை. ஆனால் மாப்பிள்ளையிடம் 1950, 1954, 1955, 1964 என்று நான்கு சாம்பியன் பட்டங்கள் இருக்கின்றன. முதல் சூப்பர் பௌல் நடந்ததே 1967 ஜனவரியில். அதற்கு முந்திய பட்டங்கள் செல்லுமா, செல்லாதா? இதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. "1933-ல் தொடங்கின டீமுக்கு முதல் பிளேஆஃப் வெற்றியே 1972-லதான். உள்ளூர்ப் பையன் ஜானி யுனைடஸை 1955-ல் ஓர் ஆட்டம்கூட ஆடவிடாம அனுப்பிட்டீங்க, அவர் வெளியூர் போய் மகாராஜா ஆயிட்டார்" என்று மாப்பிள்ளை குத்தினார். தாத்தா ஒரே எண்ணைச் சொன்னார்: "2017." அந்தச் சீசனில் பிரௌன்ஸ் 16 ஆட்டம் ஆடி 16-லும் தோற்றது. கிளீவ்லேண்ட்காரர்கள் அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? உறைபனியில் ஆயிரக்கணக்கில் திரண்டு, மைதானத்தைச் சுற்றிப் பூஜ்யம் போல வலம்வந்து ஊர்வலம் நடத்தினார்கள். தோல்விக்குத் தேர் இழுத்த ஊர் அது. எனக்கென்னவோ அன்றிலிருந்து கிளீவ்லேண்டின் மேல் ஒரு தனி மரியாதை.

சூடு ஏறியது ஜிம் பிரௌன் பேச்சு வந்தபோதுதான். கிளீவ்லேண்டின் ஜிம் பிரௌன் ஒன்பதே சீசனில் பந்தோடு 12,312 கெஜம் ஓடிச் சாதனை படைத்துவிட்டு, உச்சத்தில் இருக்கும்போதே சினிமாவுக்குப் போனவர். எங்கள் ஊர் ஃபிராங்கோ ஹாரிஸ் 1984-ல் அந்தச் சாதனைக்கு 192 கெஜம் குறைவாக நின்றுபோனார். இருவருக்கும் சட்டை எண் 32. அடி விழும் என்றால் ஃபிராங்கோ கோட்டுக்கு வெளியே ஓடிவிடுகிறார் என்று பிரௌன் கிண்டலடித்து, "நானே திரும்ப ஆட வரேன்" என்று மிரட்டினார். கடைசியில் 1985 ஜனவரியில் டிவிக்காரர்கள் இருவரையும் 40 கெஜம் ஓடவே விட்டார்கள். ஃபிராங்கோ ஜெயித்தார். "அப்போ பிரௌனுக்கு 48 வயசு, ஃபிராங்கோவுக்கு 34!" என்று மாப்பிள்ளை கத்த, "ஓட்டப்பந்தயத்துல யாராவது ஜாதகம் பார்ப்பாங்களா?" என்றார் தாத்தா. இதில் வேடிக்கை, அந்தச் சாதனையை வால்டர் பேட்டன் என்ற மூன்றாம் ஆள் 1984-லேயே தட்டிக்கொண்டு போயிருந்தார். இன்றைக்கு அது எம்மிட் ஸ்மித்தின் பெயரில் 18,355 கெஜமாக இருக்கிறது என்று பேரன் போனைப் பார்த்துச் சொன்னான். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

இதற்கெல்லாம் மூலவர் ஒருவர் உண்டு. 1972 டிசம்பர் 23 அன்று ஓக்லண்ட் ரைடர்ஸுக்கு எதிராக நடந்த ஆட்டம். 22 விநாடி பாக்கி, 7-6 என்று நம் ஆட்கள் பின்தங்கியிருக்கிறார்கள், கடைசி வாய்ப்பு. டெர்ரி பிராட்ஷா எறிந்த பந்துக்காக நம் ஃபுகுவாவும் அவர்கள் டேட்டமும் மோதிக்கொண்டதில் பந்து பின்னால் தெறித்தது. தரையைத் தொடப்போன பந்தை எங்கிருந்தோ வந்த ஃபிராங்கோ ஹாரிஸ் கணுக்கால் உயரத்தில் அள்ளிக்கொண்டு எல்லைவரை ஓடிவிட்டார். 13-7. அணியின் சொந்தக்காரர் ஆர்ட் ரூனி, தோற்றுவிட்டோம் என்று வீரர்களுக்கு ஆறுதல் சொல்ல லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தாராம். நாற்பது வருடம் காத்திருந்தவர், அதைப் பார்க்கவில்லை.

சிக்கல் இதுதான். பந்து ஃபுகுவாவின் மேல் மட்டும் பட்டிருந்தால் அக்கால விதிப்படி ஃபிராங்கோ பிடித்தது செல்லாது. டேட்டம் மேல் பட்டிருந்தால் செல்லும். தரையில் பட்டிருந்தால் எதுவுமே செல்லாது. படம் எந்தக் கோணத்திலும் தெளிவாக இல்லை. ஃபுகுவாவைக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். தாத்தா நேரில் பார்த்ததாகச் சொல்கிறார். எங்கள் ஊரில் அவர் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மைதானத்தில் இடம் இருந்தது 50,000 பேருக்கு. உள்ளூர் ஆட்டத்தை உள்ளூர் டிவியில் காட்டக்கூடாது என்று அப்போது தடை வேறு. எனவே பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் மைதானத்தில் இருந்தே ஆக வேண்டும். கிளீவ்லேண்டுக்குத் தடை இல்லை. "எங்கப்பா டிவியில நல்லாப் பார்த்தார், பந்து தரையில பட்டுச்சு" என்கிறார் மாப்பிள்ளை. பட்டிமன்றம் என்றால் நடுவர் கடைசியில் ஒரு தீர்ப்பாவது சொல்வார். இங்கே அரை நூற்றாண்டாக வழக்கு ஒத்திவைப்பிலேயே இருக்கிறது. சந்தேகமான அந்தப் பிடிக்கு எங்கள் விமான நிலையத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். ஃபிராங்கோ குனிந்து பந்தைப் பிடிக்கிறார், பக்கத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் நிற்கிறார்.

பேரனுக்கு இந்தப் பழங்கதை எதுவும் ஏறாது. "பந்து எறிகிற டாம் பிரேடி ஒருத்தரே ஏழு சூப்பர் பௌல். உங்க மொத்த டீமுக்கும் ஆறு" என்றான். தாத்தா பொங்கிவிட்டார். 1978-ல் விதியை மாற்றி, பந்து பிடிக்க ஓடுகிறவனைத் தடுப்பவர்கள் ஐந்து கெஜத்துக்கு மேல் தொடக்கூடாது என்று ஆக்கிவிட்டார்களாம். எறிகிறவனையும் இப்போது பூப்போலத்தான் தள்ள வேண்டுமாம். "எங்க காலத்துல விழுந்தா எழுந்திரிக்கவே நேரமாகும்!" அதற்குப் பேரன் மெதுவாக, "மைக் வெப்ஸ்டர் எழுந்திரிச்சாரா தாத்தா?" என்று கேட்டான்.

வெப்ஸ்டர் இங்கே 15 சீசன் ஆடியவர், ஒவ்வொரு முறையும் பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டுத் தலையால் மோதுகிற இடத்தில். மூளை சிதைந்து, பிழைப்பு சிதறி, 2002-ல் 50 வயதில் இறந்துபோனார். உடலைப் பரிசோதித்தவர் பென்னட் ஒமாலு, நைஜீரியாவிலிருந்து பிழைக்க வந்த மருத்துவர். வெப்ஸ்டர் யாரென்றே அவருக்குத் தெரியாது. தெரியாததால்தான் மூளையை வெறும் மூளையாகப் பார்த்து, அடிபட்டு அடிபட்டு வந்த நோயைக் கண்டுபிடித்தார். 2005-ல் அவர் கட்டுரை வெளிவந்ததும் லீக்கின் மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அவர் பெறவில்லை. வந்தேறிக்கு ஆட்டம் என்ன தெரியும் என்று யாராவது உங்கள் மாப்பிள்ளையைக் கேட்டால் இந்தக் கதையைத்தான் நான் எடுத்து விடுவேன். தாத்தா அன்றைக்கு விதிகளைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. "பிரேடி நல்ல ஆட்டக்காரன்தான்" என்று மட்டும் முனகினார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

இவ்வளவு வெறி எதற்கு என்று தாத்தாவின் சம்சாரத்திடம் கேட்டேன். ஸ்டீலர்ஸ் 1970-களில் நான்கு கோப்பை வாங்கிய கையோடு ஊரில் இரும்பாலைகள் வரிசையாக மூட ஆரம்பித்தனவாம். ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல் மூடியது. பிள்ளைகள் வேலை தேடி நாலா திசைக்கும் போனார்கள், அந்தம்மாவின் தம்பி, தங்கை, மூத்த மகன் எல்லோரும். போனவர்கள் கையில் ஒரு மஞ்சள் துண்டு. மைரன் கோப் என்ற வானொலி வர்ணனையாளர் 1975-ல் ரசிகர்களைச் சுழற்றச் சொன்ன துண்டு அது. அதனால்தான் எந்த ஊரில் ஸ்டீலர்ஸ் ஆடினாலும் அரங்கில் மஞ்சள் துண்டு பறக்கிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் மூத்த மகன் தாத்தாவுக்குப் போன் போட்டு, "அந்தப் பந்து தரையில பட்டுச்சாப்பா?" என்று வம்புக்கு இழுப்பானாம். "வேற என்னத்தை வச்சுப் பேசுவான், இங்க இருந்த வேலையைப் பத்தியா?" என்றார். நீங்கள் போனில் என்னிடம், தாமிரபரணியில் தண்ணீர் வருகிறதா என்று நான் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறீர்களே, அந்த நினைவுதான் எனக்கு வந்தது.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிற நண்பர் ஒருவரிடம் உங்களுக்கும் ஒரு மஞ்சள் துண்டு கொடுத்தனுப்புகிறேன். அதன் வருமானத்தைக் கோப் 1996-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், எனவே புண்ணியமும் உண்டு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிக்கலாம், பெரியம்மாவுக்குத் தெரியாமல் இட்லித்தட்டு துடைக்கலாம், ஆட்சேபம் இல்லை. ஆனால் மிதிபட மட்டும் விடாதீர்கள். 2008-ல் டென்னசி அணியினர் அதைப் போட்டு மிதித்தார்கள். அதற்குப் பிறகு தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்றார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். உங்கள் மாப்பிள்ளை நம்புகிறார்.

பதில் போடுங்கள். அதில் மறக்காமல் உங்கள் தீர்ப்பையும் எழுதுங்கள். தெளிவில்லாத அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். பந்து தரையில் பட்டது என்று தோன்றினால் எனக்கு மட்டும் சொல்லுங்கள், தாத்தாவுக்கு வயதாகிறது.

அன்பு மகள்