மெதுவாய் வந்த பந்து

மலேசியாவின் செமோரில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாயிருந்து இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட நிலத்தின் ஓரத்து ஒட்டுக்கடையில், சிறுவயதில் துரைமார் கிளப்பில் டென்னிஸ் பந்து பொறுக்கியதையே சர்வகலாசாலைப் பட்டமாகக் கருதும் பெரியவர் ஒருவர், ஜனவரி பிறந்து தொலைக்காட்சியில் மெல்போர்ன் தெரிந்தால் போதும், 1989ஆம் வருஷத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

முந்தைய வருஷம் நான்கு கிராண்ட்சிலாம் பட்டங்களில் மூன்றைச் சுருட்டிக்கொண்டு உலகின் முதல் ஸ்தானத்தில் வீற்றிருந்த ஸ்வீடன் தேசத்து மட்ஸ் விலாண்டரை, சென்னை ரமேஷ் கிருஷ்ணன் ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றிலேயே 6-3, 6-2, 7-6 என்று வழியனுப்பிவைத்த கதைதான் அது. ரமேஷின் சர்வீஸோ, பந்து வலையைத் தாண்டுமுன் ஒரு மிடறு தே தாரேக் குடித்துவிடலாம் என்னும்படியான சாந்த ஸ்வரூபம்.

“அவரு அடிக்கல தம்பி, கொடுத்தாரு,” என்று பெரியவர், கையில் கிளாஸ் இருப்பதை மறந்து மணிக்கட்டை மெல்லத் திருப்பிக் காட்டுகையில், தேநீர் என் சட்டையில் அபிஷேகமாவது வருஷாந்தர வழக்கம்.

அம்மாதக் கடைசியில் முதலிடம் செக்கோஸ்லோவாக்கிய வீரர் இவான் லெண்டிலிடம் போயிற்று. விலாண்டருக்கு அப்புறம் ஒற்றையரில் ஒரு கிராண்ட்சிலாம் பட்டமும் வாய்க்கவில்லை. இவ்விரண்டுக்கும் தாமே பொறுப்பு என்பதுபோல் அடக்கமாகப் புன்னகைக்கும் பெரியவர், அடுத்த சுற்றில் ரமேஷ் என்ன ஆனார் என்று கேட்டால் மட்டும், கடைக்காரரிடம் பழைய பாக்கியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்.