அணைவண்டி: தாம்பரம் முதல் கோவில்பட்டி வரை ஒரு கள ஆய்வு

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் தமிழன் வழியில் என்ன சாப்பிட்டான், எந்த டோல்கேட்டில் எத்தனை நிமிடம் நின்றான் என்பதையெல்லாம் வேண்டிய மட்டும் பேசித் தீர்த்துவிட்டோம். அதே தமிழன் புதிதாக வாங்கிய ஹைபிரிட் காரில் போனால் என்ன ஆகிறான் என்ற கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை. இந்தக் குறையைப் போக்குவதற்காகவே போன பொங்கலுக்கு ஆய்வாளர் (நான்தான்) கிழக்குத் தாம்பரத்திலிருந்து கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றுக்கு, ஏறத்தாழ 540 கிலோமீட்டர், வண்டி ஓட்டினார். ஆய்வுக் குழுவில் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு குக்கர். குக்கர் ஏன் வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

முதலில் பெயர்க்காரணம். 'கலப்பின வாகனம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே மாட்டுத் தொழுவத்தில் குடியிருக்கிறது. எங்கள் ஊரில் கலப்பினம் என்றால் ஜெர்சி. இதனால் விளைந்த குழப்பம் பின்னால் வரும். இலக்கணத்துக்குள்ளேயே நல்ல வழி இருக்கும்போது தொழுவத்துக்குப் போவானேன்?

நன்னூலார் தொகைநிலைத் தொடர்களை ஆறாகப் பிரித்தார். அவர் காலத்தில் கார் இல்லை என்பது ஒரு பொருட்டே அல்ல. 'மைல்டு ஹைபிரிட்' என்று விற்கப்படும் வண்டியில் மின்சாரம் எஞ்சினுக்குக் கைகொடுக்கும். தனித்து நின்று சக்கரத்தைச் சுற்றாது. விரித்தால் 'மின்சாரத்தால் உதவப்படும் வண்டி'. ஆகவே அது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' அப்படியன்று. பெட்ரோல் தனியாகவும் ஓட்டும், மின்சாரம் தனியாகவும் ஓட்டும், இரண்டும் சேர்ந்தும் ஓட்டும். பெட்ரோலும் மின்சாரமும். ஐயமே இல்லை, உம்மைத்தொகை. இந்த வேறுபாட்டை விளக்க ஷோரூம் பையன் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். இரண்டுக்கும் விலை ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்டதற்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. ஓர் 'உம்'முக்கு இவ்வளவு விலை என்று சொல்லியிருக்கலாம்.

இது புதுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு வரலாறு. 1900ஆம் ஆண்டிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே, இருபத்தைந்து வயதில், வியன்னாவின் லோனர் வண்டிப் பட்டறைக்காகப் பெட்ரோல் எஞ்சின், மின்கலம், மோட்டார் மூன்றும் கொண்ட ஒரு வண்டியைக் கட்டினார். எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும். சக்கரத்தின் குடத்திலேயே பொருத்திய மோட்டார் சுற்றும். பிறகு உலகம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பெட்ரோலை மட்டும் குடித்துத் திளைத்துவிட்டு, 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரையஸ் விற்பனைக்கு வந்தபோதுதான் பழைய யோசனைக்குத் திரும்பியது. நமக்கு இங்கே முக்கியம் போர்ஷே தன் வண்டிக்கு வைத்த பெயர்: 'செம்பர் விவுஸ்'. லத்தீனில் 'எப்போதும் உயிருள்ளது' என்று பொருள். இந்தப் பெயரை முழு மூச்சாக எதிர்க்கும் மாற்றுக் கோட்பாடு ஒன்று பின் சீட்டில், ஜன்னலோரம், வெற்றிலைப் பையுடன் உட்கார்ந்திருந்தது.

நாலு மணிக்குக் கிளம்புவதாகத் தீர்மானம். எனவே ஆறே காலுக்குப் பொத்தானை அழுத்தினேன். இந்த வண்டியில் பொத்தானை அழுத்தினால் சத்தம் வராது. 'ரெடி' என்று ஒரு பச்சை விளக்கு மட்டும் எரியும்.

"எய்யா, ஸ்டார்ட் ஆகலியே" என்றார் அம்மா.

"ஆயிருச்சும்மா."

வண்டி தெருமுனை தாண்டியது. ஒரு சத்தமும் இல்லாமல் வீடுகள் பின்னால் போவதை அம்மா சந்தேகத்தோடு பார்த்தார். முதல் சிக்னலுக்கு முன்னால் எஞ்சின் உறுமி வேலைக்கு வந்தது. அம்மா முகம் தெளிந்தது. சிக்னலில் நின்றோம். எஞ்சின் நின்றது.

"அமந்துபோச்சு."

பெருங்களத்தூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை அன்று வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நகர்ந்தன. ஐந்தடி ஓட்டம், நிற்றல், பத்தடி ஓட்டம், நிற்றல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "அமந்துபோச்சு", எஞ்சின் எழும் ஒவ்வொரு முறையும் "பிடிச்சிருச்சு" என்று அம்மா ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் உறவினரைப் போல அறிவித்துக்கொண்டே வந்தார். மகள் நோட்டில் கோடு போட்டாள். கிளாம்பாக்கம் தாண்டும்போது இருபத்தாறு அமந்துபோச்சு, இருபத்தைந்து பிடிச்சிருச்சு. ஒன்று எங்கே குறைந்தது என்று கேட்டேன். அம்மா அப்போது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாராம்.

இங்கேதான் இந்த ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அம்மா சொல்வது பிழை அன்று. அமந்தது என்றால் அணைந்தது; அதற்கு இலக்கண ஆதாரம் உண்டு. ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் எப்படி 'ஊறுகாய்' ஆகுமோ அப்படியே அணைந்த, அணைகின்ற, அணையும் வண்டி 'அணைவண்டி' ஆகும். முக்காலமும் தன்னுள் மறைந்து நிற்பதால் வினைத்தொகை. 'ஹைபிரிட்'டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இனிமேல் பிறக்கப்போவதில்லை. உம்மைத்தொகை என்று முன்னால் சொன்னேனே என்றால், அது முன் சீட்டு நோக்கு. இது பின் சீட்டு நோக்கு.

இரண்டாவது கண்டுபிடிப்பைச் சொன்னால் உலகம் ஒப்பாது. அந்த நெரிசலில் ஆய்வாளர் மகிழ்ச்சியாக இருந்தார். சுற்றிலும் ஆயிரம் பேர் ஹாரனில் கைவைத்துச் சாபமிட்டுக்கொண்டிருக்க, அவர் மைலேஜ் திரையில் 26.8 என்ற எண்ணைப் பார்த்துப் புன்னகைத்தார். காரணம் எளிது. சாதாரணக் கார் பிரேக் பிடித்தால் ஓட்டத்தில் இருந்த ஆற்றல் அத்தனையும் சூடாகிக் காற்றோடு போகும். ஹைபிரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பங்கை மீட்டு மின்கலத்தில் போடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேரும் குக்கரும் ஏறிய நிலையில் வண்டி 1,600 கிலோ. 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 0.11 யூனிட். அதில் பாதிக்குச் சற்று மேல் திரும்பி வந்தால், மெதுவாகப் போகும் வண்டி அதை வைத்து அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். மின்கலம் மொத்தமே ஒரு யூனிட்டுக்கும் குறைவுதான். வீட்டு ஏசி அரை மணி நேரத்தில் குடித்துவிடக்கூடியது. அரிசி டப்பாவுக்குள் அம்மா போட்டுவைக்கும் சில்லறை மாதிரி. ஆனால் சில்லறை நிரம்பும் சத்தத்தைக் கேட்டுப் பழகியவன் நோட்டை மதிக்க மாட்டான்.

செங்கல்பட்டு தாண்டி சாலை திறந்தது. குடும்பம் கைதட்டியது. ஆய்வாளர் மனம் கசந்தார். திறந்த சாலையில் பிரேக்குக்கு வேலையில்லை. எஞ்சின்தான் இழுக்க வேண்டும். அந்த எஞ்சினும் சும்மா இல்லை. 1880களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர், ஓட்டோ என்ற ஜெர்மானியரின் காப்புரிமையைச் சுற்றிக்கொண்டு போவதற்காகக் கண்டுபிடித்த சுழற்சிதான் இதன் அடிப்படை. உறிஞ்சிய காற்றில் கொஞ்சத்தைத் திருப்பித் துப்பிவிட்டு, மீதியை எரித்து, விரிவதில் கடைசிச் சொட்டுப் பலன் வரை பிழிந்துகொள்ளும். இழுவை குறையும், சிக்கனம் கூடும், குறைந்த இழுவையை மோட்டார் ஈடுகட்டும். இத்தனை இருந்தும் காற்றை வெல்ல முடியாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 80க்குப் பதில் 100இல் போனால் ஒன்றரை மடங்குக்கும் மேல். 26.8 என்பது மேல்மருவத்தூரில் 24 ஆனது, விழுப்புரத்தில் 22.

ஆகவே ஆய்வாளர் இடது ஓரமாக 80க்கு இறங்கினார். ஆம்னி பஸ்கள் தாண்டின. சிமெண்ட் லாரி தாண்டியது. உளுந்தூர்பேட்டை அருகே பொங்கல் கரும்பை ஏற்றிய டாடா ஏஸ் ஒன்று தாண்டியபோது, கரும்புக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தவர் எங்களுக்குக் கை காட்டினார். மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்: "ஊருக்குப் போறோமா, இல்ல வண்டிக்குப் பத்தியம் இருக்கோமா?" இது ஆய்வுக்கு வெளியே உள்ள கேள்வி என்பதால் பதில் அளிக்கப்படவில்லை.

டோல்கேட்டுகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லும் முதல் கட்டுரை இதுவாக இருக்கக்கூடும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் முந்நூறு அடிக்கு முன்பே காலை எடுத்துவிட்டால் வண்டி தானாக மின்சாரம் சேர்த்துக்கொண்டே போய் நிற்கிறது. ஃபாஸ்டாகிலிருந்து பணம் கழியும் அதே கணத்தில் மின்கலம் நிரம்புகிறது. சேர்ந்த மின்சாரத்தைக் கழிந்த பணத்தோடு ஒப்பிட வேண்டாம். ஆய்வாளர் ஒப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசவில்லை. அந்த மௌனத்தை உடைத்தது வழியெங்கும் நிற்கும் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகளில் ஒன்று. கும்பகோணத்துக்குப் போகாமலே கும்பகோணத்தைக் குடிக்க இந்தச் சாலையைப் போல வேறில்லை.

திருச்சியிலிருந்து மதுரை வரை ஆய்வாளரைத் தவிர எல்லோரும் தூங்கினார்கள். எனவே அப்பகுதியில் எடுத்த எல்லா முடிவுகளும் ஒருமனதானவை.

சாத்தூரில் காராச்சேவு வாங்க நின்றோம். எஞ்சின் நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பழகிவிட்டார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் கடைக்காரரிடம் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "புது வண்டிதான். ஆனா வழியெல்லாம் அமந்து அமந்துதான் வந்தது."

ஊர் எல்லையில் சித்தப்பா நின்றார். எழுபத்திரண்டு வயது, இரண்டு மாடு, ஒரு மொபெட், கம்மாய்க்கரையில் ஒரு குறுக்கம் உளுந்து. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். இது என்ன ரகம் என்று கேட்டார். அவசரத்தில் "கலப்பினம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா. எம்புட்டு குடுக்கு?"

மூன்றாவதும் தலையாயதுமான கண்டுபிடிப்பு இது. தமிழில் வண்டி மைலேஜ் 'செய்வதில்லை', 'ஓடுவதில்லை', கொடுக்கிறது. பசு பால் கொடுக்கிறது, கிணறு தண்ணீர் கொடுக்கிறது, வண்டி லிட்டருக்கு இத்தனை கொடுக்கிறது. கேட்பவர் நம் செல்வத்தைக் கேட்கவில்லை; வீட்டுக்கு வந்த ஜீவன் நல்லதா என்று விசாரிக்கிறார். பால் விஷயத்தைப் போலவே இதிலும் தண்ணீர் கலப்பது உண்டு. மைலேஜ் கேட்கப்பட்ட ஆண் உண்மையோடு இரண்டு சேர்த்துச் சொல்வான் என்பது ஆய்வாளரின் நெடுநாள் கவனிப்பு. ஆய்வாளர் இதற்கு அப்பாற்பட்டவர். திரை 23.1 என்று காட்டியது. ஆனால் திரைகள் கொஞ்சம் தாராளமானவை என்பதால் தாம்பரத்தில் டேங்க்கை நிரப்பி, கோவில்பட்டியில் மறுபடி நிரப்பி, வகுத்து வைத்திருந்தேன்.

"இருபத்தொண்ணரை சித்தப்பா."

அவர் முகத்தில் துக்கம் விசாரிக்கும் பாவம் வந்தது. "மேலத்தெருப் பய டீசல் வண்டியே இருபத்திநாலு குடுக்குங்கான். சரி, கரண்டு எங்க சொருகுவ?"

"சொருக வேண்டாம். தானா ஏறிக்கிடும்."

"எப்படி?"

"பிரேக் பிடிச்சா ஏறும்."

சித்தப்பா ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப பிடிச்சுக்கிட்டே வரவேண்டியதுதான?"

அட்கின்சனிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

திரும்பும் நாள் வந்தது. ஸ்ட்ராங் ஹைபிரிட்டுகள் பலவற்றில் மின்கலம் டிக்கியின் தரைக்கடியில் உட்கார்ந்து இடத்தைத் தின்றுவிடும் என்ற செய்தி எங்கள் ஊருக்கு எட்டவில்லை. உளுந்து அரை மூட்டை, கம்பு, வத்தல், கருப்பட்டி, ஒரு டின் நல்லெண்ணெய், பதினெட்டுத் தேங்காய். டிக்கி நிறைந்து பிள்ளைகளின் காலடி நிறைந்தது. குக்கருக்குள் காராச்சேவு போனதால் அது வந்த காரணம் ஓரளவு விளங்கியது. பாரம் ஏறினால் மைலேஜ் விழும் என்று மென்மையாகச் சொன்னேன்.

"யாருலே சொன்னா?" என்றார் சித்தப்பா, இன்னொரு தேங்காயைத் திணித்தபடி. "பாரம் இருந்தாத்தான் வண்டி ரோட்டப் பிடிச்சு ஓடும். காலியாப் போனா ஆடிக்கிட்டுப் பெட்ரோலத் திங்கும். இப்ப எம்புட்டு குடுக்குன்னு போய்ச் சேந்து சொல்லு."

மனைவியின் கட்டளைப்படி இம்முறை வேகம் 100. தாம்பரத்தில் டேங்க் நிரப்பி வகுத்ததில் 18.7. வீட்டு வாசலில் பொத்தானை அணைக்கும்போதே போன் அடித்தது.

"சேந்தாச்சா? எம்புட்டு குடுத்துச்சு?"

அம்மா பக்கத்தில் தேங்காயை எண்ணிக்கொண்டிருந்தார். மேலத்தெருப் பயலின் டீசல் வண்டி என் கண்முன் ஒரு முறை வந்து போனது.

"இருபத்திநாலரை சித்தப்பா."

"நான்தான் சொன்னேம்லா" என்றார் அவர். "பாரம்."

சித்தப்பாவின் பாரக் கோட்பாடு இப்போது எங்கள் ஊரில் கார் வைத்திருக்கும் எல்லோரும் கடைப்பிடிக்கும் ஒன்று. அதை மறுக்கும் தரவு ஆய்வாளரிடம் இருக்கிறது. வெளியிடும் நிலையில் அவர் இல்லை.