திருஷ்டிப் பொட்டும் ஹீலிங் பிரஷ்ஷும்

குழந்தைகளின் உருவப்படங்களைத் திருத்தும் கலை, அதாவது ஸ்டுடியோக்காரர்கள் 'டச்சப்' என்று சுருக்கமாகச் சொல்லும் வேலை, தோல், கண் ஆகிய இரண்டையே பெரிதும் நம்பிப் பிழைக்கிறது. காரைக்காலில் ஆண்டு நிறைவு, காதுகுத்து என எந்த விசேஷமானாலும் குழந்தையின் படம் முதலில் கணினித் திரைக்கும், பிறகு தெருமுனை ஃப்ளெக்ஸுக்கும் செல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் பெற்றோர் வைக்கும் கோரிக்கை பெரும்பாலும், "தம்பி, கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்பதாகவே அமைகிறது. பிறவியில் கிடைத்த மாநிறம் தாத்தாவிடமிருந்து வந்தது என்பதையும், அதே தாத்தா இப்படத்திற்குப் பணம் கொடுக்கிறார் என்பதையும் இக்கோரிக்கை கணக்கில் கொள்வதில்லை.

இவ்வாசை காரைக்காலில் தழைத்திருப்பது ஆராயத்தக்கது. ஏனெனில், அழகும் தசையும் வேண்டாம், பேயுரு தருக என்று இறைவனிடம் வேண்டிப் பெற்றுக்கொண்ட காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர் இது. அவர் பெயரால் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து வீசப்படும் மாம்பழத்தைப் பிடித்தால் பிள்ளைப்பேறு கிட்டும் என்பது நம்பிக்கை. ஆக, மேனி அழகைத் துறந்தவரின் அருளால் பிறந்த பிள்ளையையே மேனி நிறம் போதவில்லை என்று ஸ்டுடியோவுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். சற்றுத் தள்ளித் திருநள்ளாற்றில் கரிய நிறத்தவராகிய சனீஸ்வரனுக்குக் கறுப்புத் துணி சாத்தி எள் தீபம் ஏற்ற நாடெங்கிலுமிருந்து கூட்டம் வருகிறது. கடவுள் கறுப்பாக இருப்பதில் எவருக்கும் ஆட்சேபணை இல்லை, அவருக்குத் திருமண விளம்பரம் கொடுக்க வேண்டிய தேவை இல்லாததால் இருக்கலாம்.

தோல் திருத்தத்தின் மிகப் பெரிய பலிகடா திருஷ்டிப் பொட்டு. அழகான குழந்தைமேல் பிறர் கண் பட்டுவிடும் என்பதால், அந்த அழகைச் சிறிது குலைத்துக் காட்டும் பொருட்டுத் தாய் கன்னத்தில் மையால் வைக்கும் கறுப்புப் புள்ளியே அது. போட்டோஷாப் மென்பொருளில் 2002-இல் வந்த ஹீலிங் பிரஷ் என்னும் கருவியோ, பழுதற்ற தோற்பகுதியின் இழையமைப்பை எடுத்துக் குறையுள்ள இடத்தில் பரப்பி, சுற்றியுள்ள நிறத்தோடும் ஒளியோடும் கலந்துவிடும் இயல்புடையது; மச்சம், கொசுக்கடி, தாயின் தற்காப்பு ஏற்பாடு ஆகிய மூன்றும் அதற்கு ஒன்றே. இவ்வாறு வீட்டில் அரை அங்குல அகலத்தில் செய்த பாதுகாப்பு, பத்தடி ஃப்ளெக்ஸில் முற்றாக நீக்கப்பட்டு, ஊர் முழுவதும் பார்க்கும்படி குழந்தை நாற்சந்தியில் நிறுத்தப்படுகிறது.

முகத்தை வெளுப்பாக்கும் வழக்கத்திற்குக் கணினியைப் பழிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. மியூனிக் நகரத்துப் புகைப்படக் கலைஞர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் 1855-இல் பாரிஸ் கண்காட்சியில், திருத்திய நெகட்டிவிலிருந்து எடுத்த படத்தையும் திருத்தாத படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார் என்பர். நெகட்டிவில் இருண்ட சருமம் தெளிவாகவும் வெளிறிய சருமம் அடர்த்தியாகவும் பதிவதால், கூரிய பென்சிலால் அதன்மேல் கரி ஏற்ற ஏற்ற அச்சுப்படத்தில் முகம் வெளுக்கும். கரியைப் பூசி வெண்மை பெறும் இந்த விந்தையைச் செய்த பழைய ரீடச்சர்களின் பொறுமை பாராட்டுக்குரியது. கோடாக் நிறுவனம் வண்ணச் சமநிலையைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யிலும் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணே இருந்தார். ஃபிலிமில் பழுப்பு நிறங்கள் சரியாகப் பதியவில்லை என்ற முறையீட்டுக்குச் செவிசாய்க்கப்பட்டதில், சாக்லேட், மரச்சாமான் விளம்பரம் எடுப்போரின் குரலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது நம்மவர் மனம் குளிரத்தக்க செய்தியன்று.

கண்ணைப் பற்றிய வேலை இன்னும் நுட்பமானது. கருவிழியில் விளக்கோ சன்னலோ பிரதிபலித்துத் தோன்றும் வெண்ணிறப் புள்ளியை 'கேட்ச்லைட்' என்பர்; அது இல்லாத கண், எவ்வளவு அழகான குழந்தையுடையதாயினும், உயிரற்றுத் தோன்றும். இப்புள்ளியைக் கூட்டுவதில் குற்றமில்லை, சிற்பியும் கண் திறப்பதைக் கடைசியில்தான் வைத்துக்கொள்கிறார். குற்றம் அளவில் உள்ளது. மூக்கின் நிழல் இடப்புறம் விழுந்திருக்க, புள்ளியையும் இடப்புறமே வைத்தால் குழந்தைக்கு இரண்டு சூரியன்கள் உதித்துவிடும். கைக்குழந்தையின் விழிவெண்படலம் மெல்லியதாகையால் இயல்பாகவே சிறிது நீலம் பாய்ந்திருக்கும்; அதைச் சுண்ணாம்பு வெள்ளையாக்கினால் கொலுப் பொம்மையின் பார்வை வந்துவிடும். கருவிழியைப் பளிச்சென்று ஏற்றினால் நம் பிள்ளைகளின் ஏறத்தாழக் கறுத்த கண்கள் தேன் நிறப் பூனைக்கண்களாகும். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய ஊரில், இத்தனை ஆண்டுகள் கழித்துப் பூனைக்கண் பிறந்தால் பாட்டிமார் வம்சாவளியைக் கிளறத் தொடங்குவார்கள். அந்த விசாரணைக்கு ரீடச்சரின் ஒரு ஸ்லைடரே காரணம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துள்ள குடும்பங்களில் சிக்கல் கூடுதல். ஊரை இந்தியாவுக்குக் கையளித்த உடன்படிக்கை 1962-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் அக்குடியுரிமையைத் தேர்ந்தோரின் வழிவந்த பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது, 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில், எவ்வகைத் திருத்தமும் செய்யாத படமே வேண்டும். ஃப்ளெக்ஸில் உள்ள பிள்ளையும் கடவுச்சீட்டில் உள்ள பிள்ளையும் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாத நிலை இதனால் ஏற்படுகிறது. அதே பிரான்சில், விளம்பர மாடல்களின் உடலை மெலிவித்தோ பருக்கவைத்தோ காட்டும் படங்களில் 'திருத்தப்பட்ட புகைப்படம்' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது நம் காதுகுத்து ஃப்ளெக்ஸுக்குச் செல்லாது என்பது நல்லதே. குழந்தையின் கன்னத்தை இரண்டு சுற்று ஊதிவிட்ட பிறகும் அப்படியோர் அறிவிப்பைச் சேர்க்க முயன்றால், தாய்மாமன்கள், பெரியப்பாக்கள், வரவேற்கக் காத்திருக்கும் நண்பர்கள் ஆகியோரின் முகங்களுக்கு நடுவே அதற்கு இடம் கிடைக்காது. கிடைத்தாலும், அவ்விடத்தில் விட்டுப்போன சித்தப்பாவின் படத்தைப் போடச் சொல்லித்தான் அடுத்த தொலைபேசி அழைப்பு வரும்.